மைக் அக்காவின் சத்தமில்லாத ஜெபம்

மைக் அக்காவிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது ஆண்டவருக்கும் எங்கள் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். சில தடவை லயத்துக்குத்தான் முதலில்.

கெட்ட எண்ணம் கிடையாது. அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்டால் அவளால் ஜெபிக்காமல் இருக்க முடியாது. ஜெபித்தால் மெதுவாக ஜெபிக்க முடியாது. கோயிலில் ஒருமுறை கரண்ட் போனபோது போதகரே மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவளைத்தான் பார்த்தார். அன்றைக்கு வந்த பெயர் அது.

என் கணவர் தோட்டத்து வேலையை விட்டுப் போகப் பதுளையில் ஹாட்வேர் கடை ஒன்றில் வேலை தேடிக்கொண்டிருந்தார். மனபாரம் தாங்காமல் அக்காவிடம் சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் இருந்தவர்கள்: நான், கணவர், மகள், மைக் அக்கா, பக்கத்துக் காம்பரா ரோஸி, ரோஸியின் மாமியார், கடைசியாக, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணி. அக்கா எழுந்தாள்.

“ஆண்டவரே, நம்ம தம்பிக்கு பதுளையில கடை வேலை கெடைக்கணும். அதுவரைக்கும் கங்காணி காதுல விழாம நீரே பாத்துக்கணும்.”

முதலில் ஆமென் சொன்னது கங்காணி. கண்ணைத் திறந்துகொண்டே சொன்னார். மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டில் என் கணவருக்கு மேட்டு மலையில் கான் வெட்டும் முதுகொடிக்கும் வேலை கிடைத்தது. ஏதோ ஒரு வேலை கிடைத்ததே என்று அக்கா ஸ்தோத்திரம் சொன்னாள்.

அவள் சங்காத்தமே வேண்டாம் என்று ரோஸி சொன்னாள். நானும் சில நாள் ஒதுங்கித்தான் போனேன்.

பிறகுதான் என் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. பதுளை ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். பூனை குறுக்கே போனாலே தூக்கம் போகிறவள் நான். கணவரிடம் சொன்னேன், அவர் என்னைவிடப் பயந்து சோற்றைத் தள்ளி வைத்தார். மகளுக்கு அந்த மாதம் ஓ.எல். பரீட்சை. ஆறாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கியவள் நான். அவள் பரீட்சை என்னால் கெடக்கூடாது. ஆனாலும் தனியாகப் போகத் தைரியமில்லை. கூட வர யாரென்று யோசித்தால் திரும்பத் திரும்ப மைக் அக்கா முகம்தான் வந்தது.

சரி, அக்காவையும் விடக்கூடாது, அந்த வாயை அவிழ்த்தும் விடக்கூடாது என்று முடிவெடுத்தேன். மலையில் கொழுந்து பறிக்கும்போதெல்லாம் அவளிடம் பேச வேண்டியதைத் தேயிலைச் செடியிடம் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டு, அவள் காம்பராவுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“மக பரீட்ச முடியிற வரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதுக்கா. ஜெபத்துலயும் சொல்லக்கூடாது.”

அக்கா பதறிவிட்டாள். “ஆண்டவருக்குமா புள்ள?”

“அவருக்குத் தெரியும்க்கா. லயத்துக்குத்தான் தெரியக்கூடாது. இத மீறினீங்கன்னா இனி என் மனசுல உள்ள எதையும் ஒங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

 பழகியபடியே முழுசாகச் சொல்லி முடித்தேன். அக்கா தலையாட்டினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் ஜெபிக்க எழுந்தபோது என் கண் மகள் பக்கம் போனது. “ஆண்டவரே,” என்றாள். அதோடு சரி. உதடு மட்டும் அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒவ்வொருவராக ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தோம். கடைசியில் “ஆமென்” என்று உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று ரோஸியின் மாமியார் இஞ்சி தேத்தண்ணி போட ஓடினாள். அக்கா அதையும் வாய் திறக்காமல் குடித்தாள்.

ஆஸ்பத்திரி நாளன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். போகிற வழியெல்லாம் அவள் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

வெறும் கொழுப்புக் கட்டிதான் என்று முடிவு வந்தது. மகள் பரீட்சை முடிந்த வெள்ளிக்கிழமை நானே எழுந்து நடந்ததையெல்லாம் சாட்சியாகச் சொன்னேன். சந்தோஷத்தில் குரல் எங்கேயோ உயர்ந்து போய்விட்டது போல. அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

“மெதுவா சொல்லு புள்ள. லயத்துக்கே கேக்குது.”

இப்போது அக்கா பண்டாரவளையில் மகள் வீட்டில் இருக்கிறாள். எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபம் அமைதியாக நடக்கிறது. அந்த அமைதியில் எனக்குத்தான் ஜெபமே வருவதில்லை.