கேம் பெட்டியும் எதிர்வீட்டு ஜமுக்காளமும்

"விக்கிறது சுலபம்ங்க. திருப்பிக் கேக்கத்தான் வாய் வராது."

அரியலூர் பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் தன் பழைய பைக்கைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் மடியிலிருந்த வீடியோ கேம் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

இன்றைய வேலை ரொம்பச் சின்னது. பெரம்பலூரில் ஏறி, அரியலூரில் இறங்கி, அண்ணனோடு சிமென்ட் ஆலையில் வேலை செய்யும் முருகேசனிடம் இதைக் கொடுத்துவிட்டு வரணும். அவ்வளவுதான்!

விற்கச் சொன்னதே நான்தான். கடையில் நாலு பேர் நின்றால் பேனா கேட்காமலே திரும்பி வருகிற நான், வீட்டில் மட்டும் பெரிய பேச்சாளி.

"இனிமே பெட்டியே வேணாம்ண்ணே. கேம் எங்கயோ இருக்கிற சர்வர்ல ஓடும். நமக்கு டிவியும் நெட்டும் ஒரு கன்ட்ரோலரும் போதும். இதுதான் க்ளவுட்!"

மூன்று வாரம் பிரசங்கம். ஒரு கன்ட்ரோலரை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

அண்ணனுக்கு வாரத்தில் ஒருநாள்தான் லீவு. அன்றைக்கு ஃபுட்பால் கேம் ஆடாவிட்டால், அடுத்த ஆறு நாளும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

அந்த லீவு இன்றைக்குத்தான்.

வழியில் அண்ணனிடமிருந்து போன். "பாப்பா, கோல் போட்டுட்டேன்! பெட்டியே இல்லாம ஓடுது!"

பஸ்ஸிலேயே எழுந்து எல்லாருக்கும் ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. போடவில்லை. கூச்சம்.

முருகேசன் வீட்டில் பெட்டியைக் கொடுத்தேன். டீ வந்தது. கூடவே போனும் வந்தது.

"என்ன பாப்பா, நான் பட்டனை அமுக்கிட்டுத் தண்ணி குடிச்சிட்டு வந்தப்பறம்தான் உதைக்கிறான்!"

"மோடத்தை ஆஃப் பண்ணிப் போடுண்ணே."

அடுத்த போனில் படமே போய்விட்டது. எங்கள் இன்டர்நெட் ஒயர் எதிர்வீட்டு மாடி வழியாக வரும். அந்த வீட்டு அக்கா அதில் ஈர ஜமுக்காளத்தைக் காயப் போட்டிருக்கிறார்!

"வெயில் நல்லா அடிக்குதேன்னு போட்டேன் தம்பி. கொடி மாதிரிதானே இருந்துச்சு?" என்றாராம் அண்ணனிடம்.

ஜமுக்காளத்தை இழுத்தபோது ஒயரும் கூடவே வந்துவிட்டதாம். ஒயர்காரர் நாளைக்குத்தான் வருவாராம்.

"பெட்டியைத் திருப்பி வாங்கிட்டு வந்துரு பாப்பா."

முருகேசன் அதற்குள் அதை டிவியில் மாட்டி ஆடவே ஆரம்பித்திருந்தார். தொண்டையைச் செருமினேன்.

"அண்ணே... வந்து..."

"சொல்லும்மா."

"இன்னும் கொஞ்சம் டீ கிடைக்குமா?"

இரண்டாவது டீயும் முடிந்தது. அவரே கேட்டார். "நீ கம்ப்யூட்டர் படிச்ச புள்ள. இந்த மாதிரி பெட்டிக்கெல்லாம் இனிமே எதிர்காலம் இருக்கா?"

கடவுள் கொடுத்த வாய்ப்பு!

"சுத்தமா இல்லண்ணே! எல்லாம் க்ளவுடுக்குப் போயிரும். இதை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"போனா போவட்டும்மா. எங்க தெருவுல நெட்டே எடுக்காது. நமக்கு இதான் சரி."

மூன்றாவது டீயை அவர் மனைவி கேட்காமலேயே கொண்டு வந்தார். அதைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து ஒரு மணி நேரம் ஓட்டினேன்.

வாசலில் செருப்புச் சத்தம். அண்ணன்!

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் முருகேசன் பக்கத்தில் உட்கார்ந்தான். பையிலிருந்து எங்கள் வீட்டுக் கன்ட்ரோலரை எடுத்து, அந்தப் பெட்டியோடு இணைத்தான்.