ரசமட்டம் பாய் இடித்த சுவர்

திண்டுக்கல் மலை உச்சியில் விழுகிற மழைத்துளி எந்த வீட்டு அடுப்படியில் போய் முடியும் என்று சொல்லக்கூடிய மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்தான் இருந்தார். எங்கள் தெருக் கொத்தனார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். நடுவில் குமிழி ஓடுகிற, மட்டம் பார்க்கும் கட்டையைக் கக்கத்தில் இடுக்கியே திரிந்ததால் ஊருக்கெல்லாம் அவர் ரசமட்டம் பாய்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்ததும் தரையில் ரசமட்டத்தை வைப்பார். “ஏலே, தரை தெக்கால சாஞ்சிருக்கு. எனக்கு ஊத்துற பாயசம் பக்கத்துல இருக்கிற இவரு இலைக்குத்தான் போகும். இவருக்கே ஊத்திரு!” வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்தால் தெருமுனையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு அதன் கூடவே நடப்பார். தண்ணீர் நின்றால் அவரும் நிற்பார். அது யார் வாசலோ அவருக்கு அன்றைக்கு அர்ச்சனைதான்.

காரணம் இருந்தது. மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வராமலிருக்க ஒருவர் வாசல்படியை ஒரு கல் உயர்த்தினால், எதிர்வீட்டுக்காரர் இரண்டு கல் உயர்த்தித் தெருவிலும் ஒரு முழம் பிடிப்பார். பாயைப் படி கட்டக் கூப்பிட்டால், “கட்ட மாட்டேன். இடிக்கணும்னா சொல்லுங்க, சும்மாவே இடிச்சுத் தாரேன்” என்பார்.

“எல்லாரும் ஒசத்திட்டீக. தண்ணி எங்க போகும்?”

“உங்க வீட்டுக்குத்தான் பாய்!” என்று தெருவே சிரிக்கும்.

உண்மையும் அதுதான். தெருவின் கடைசியில் குறுக்கே அடைத்தாற்போல் நின்றது பாயின் வீடு. பின்னால் ஓடை. பக்கத்தில் ஒரு சின்னச் சாக்கடை. அதை ஒட்டி, உயர்த்தாத படியோடு, வாத்தியாரான என் வாடகை வீடு.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. விடாத மழை. மத்தியானம் தெருத் தண்ணீரெல்லாம் எங்கள் கோடிக்கு வந்து தேங்கியது. உள்ளே என் மனைவி. பக்கத்தில் பிறந்து பன்னிரண்டே நாளான மகன். நான் பரபரவென்று புத்தகங்களைப் பரணில் ஏற்றினேன்.

“மொதல்ல பிள்ளையை ஏத்துங்க!” என்று அலறினாள்.

தண்ணீர் உள்ளே வர இன்னும் ஒரு படிதான் பாக்கி. பச்சை உடம்புக்காரியைத் தூக்கிக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் எங்கே போவது?

எட்டிப் பார்த்தேன். பாய் தன் வீட்டு முன்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே பின்சுவருக்கு எதிரே நின்றார். கையில் கடப்பாரை.

“இருவது வருசமா ஊரான் வீட்டை இடி இடின்னீக. இப்பத்தான் நம்ம வீடு கண்ணுல பட்டுச்சா?” என்று அவர் மனைவி ஏசினார். ஏசிக்கொண்டே சம்மட்டியையும் எடுத்து நீட்டினார்.

நாலு குத்து. சுவர் ஓடைப்பக்கம் சாய்ந்தது. தெருத் தண்ணீர் மொத்தமும் முன்வாசலில் புகுந்து, பானை, கோரைப்பாய், மரப்பெட்டி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு பின்னால் இறங்கியது. எங்கள் படி ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தது. மலையைப் புரட்டியவனைப் பார்த்திருந்தால்கூட அப்படி மலைத்திருக்க மாட்டேன்.

மறுநாள் தெருவே வெட்கப்பட்டு, சுவரைக் கட்டிக் கொடுக்கச் செங்கல்லோடு வந்தது. பாய் தடுத்துவிட்டார். “அடைக்காதீக. இது தண்ணி போற வழி. வயசு முறுக்குல நான்தான் குறுக்க கட்டிப்புட்டேன். ஒங்களைத் திட்டுனதெல்லாம் என்னையத் திட்டிக்கிட்டதுதான்.” அதன்பின் பாதி வீட்டில்தான் குடியிருந்தார், மீதி பாதி வாய்க்கால்.

ஆனால் என் மனசில் நிற்பது சுவரை இடித்த அன்றைய சாயங்காலம்தான். உடம்பெல்லாம் சேறாக எங்கள் வாசலுக்கு வந்தார்.

“புள்ள நனையலயே, தம்பி?”

“இல்ல பாய். உள்ள வாங்க, தூக்குங்க.”

“வேணாம் அப்பு. கை ஈரமா இருக்கு, பச்சப்புள்ளைக்குச் சளி பிடிச்சிரும்.”

வீட்டையே தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு வந்த மனிதர் வாசலில் நின்றபடியே என் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஈரக் கைகளை நான்தான் பிடித்துக்கொண்டேன், செத்த நேரம் விடவே இல்லை.