பெரியப்பா காருக்குக் காற்றடித்த கதை

எங்கள் குடும்பத்தில் யாராவது செத்துப்போனால் முதலில் அழுவார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய கையோடு, "சேகர வண்டி எடுக்க வுடாதீங்கப்பா" என்று யாராவது ஒருத்தர் சொல்லிவிடுவார். அந்தச் சேகர் அடியேன்தான். எனக்கு அறுபது ஆகிவிட்டது, பேரன் பள்ளிக்கூடம் போகிறான், ஆனாலும் சாவு வீட்டில் எனக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கம்ப்ரஸர். தொண்ணூற்றொன்றில் என் அக்கா புருஷன் துபாயிலிருந்து லீவில் வந்தார். நான் கேட்டிருந்தது டேப் ரெக்கார்டர். அவர் கொண்டுவந்து கொடுத்தது, கார் டயருக்குக் காற்றடிக்கிற மிஷின். செங்கல் சைஸ்தான் இருக்கும். ரெண்டு கிளிப்பைக் கார் பேட்டரியில் மாட்டி சுவிட்சைத் தட்டினால் டர்ர்ரென்று அலறிக்கொண்டு காற்றடிக்கும். "ஸ்ரீபெரும்புதூர் சுத்துவட்டாரத்துல எவன்கிட்டயும் இது கெடையாது மச்சான்" என்றார். (வாஸ்தவம். என்னிடம் கார்கூடக் கிடையாது.)

சைக்கிள் டியூபுக்கு அதன் வாய் சேரவில்லை. சும்மா இருக்க முடியுமா? பக்கத்து வீட்டு டிராக்டர் பேட்டரியில் மாட்டி, தெருப் பிள்ளைகளுக்கு பலூன் ஊதிக் காட்டினேன். நாலாவது பலூன் வெடித்ததில் கறவை மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அத்தோடு மிஷினைப் பரண்மேல் போட்டுவிட்டு, கார் வைத்திருக்கிறவன் எவனாவது என்னிடம் வந்து கெஞ்சுவான் என்று காத்திருந்தேன்.

இன்றைக்கு ஒரகடம் பக்கம் போனால் கம்பெனி பஸ்ஸும் டிரைலர் லாரியுமாக ரோடு நிரம்பி வழிகிறது. அன்றைக்கு எங்கள் ஊரில் கார் என்று ஓடியது என் பெரியப்பாவின் அம்பாசடர் ஒன்றுதான். அதை அவர் யாரையும் தொட விடமாட்டார். முக்கியமாக என்னை. நான் லைசென்ஸ் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டியபோது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போட்டோ நல்லா கீதுடா" என்று கொடுத்துவிட்டார்.

அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு ஆளுக்கு. அவர் பெண் கலாக்காவுக்கு. ஏரிக்கரை மேல் அக்கா கார் ஓட்டிக்கொண்டு போனால் வயலில் நாற்று நடுகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பெரியப்பா பக்கத்து சீட்டில் மந்திரி மாதிரி உட்கார்ந்திருப்பார். அப்பேர்ப்பட்ட பெண், அவர் பேச்சைக் கேட்காமல் பெங்களூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போய்விட்டாள். அதிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது. தீபாவளி பொங்கலுக்கு அக்கா வந்தால், மனுஷன் காரை எடுத்துக்கொண்டு எங்கேயாவது போய்விடுவார். அவள் பஸ் ஏறின பிறகுதான் திரும்பி வருவார். ரெண்டு வருஷம் பார்த்துவிட்டு அக்காவும் வருவதை நிறுத்திக்கொண்டாள்.

ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை பெரியப்பா தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். பெரியம்மா முன்னாடியே போய்விட்டார். எஸ்டிடி பூத்திலிருந்து பெங்களூருக்குப் போன் போட்டேன். அக்கா, "மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்டா. நான் வர்றதுக்குள்ள எடுத்துடாதீங்க" என்றாள்.

வீட்டில் பொறுப்பு முழுக்க ஏகாம்பரம் சித்தப்பா கையில். அவர் வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மழ வுட்டுக்கீற நேரத்துல எடுத்துடணும். கட்ட நனைஞ்சிட்ச்சின்னா அவர வெச்சிக்கினு இன்னா பண்றது? மறுபடியும் இருட்டிக்கினு வர்ற வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேல நம்ம கையில இல்ல."

அப்போதுதான் அந்தக் கார் சாவி என் கைக்கு வந்தது. பெரியப்பா செத்துக் கிடக்கிறார், எனக்கு உள்ளுக்குள் குதூகலம். (அட, மனுஷப் பிறவி!) காலையில் ஐஸ் பார் ஏற்றிவர வேண்டியிருந்தது. டிக்கியில் இடம் வேண்டும் என்று ஸ்டெப்னி, ஜாக்கி, கால் பம்பு, காரை முடுக்கிற இரும்பு ஹேண்டில் எல்லாவற்றையும் வாசலில் இறக்கி வைத்தேன். மத்தியானம் அக்காவை அழைத்துவரக் கிளம்பும்போது பார்த்தால், ஸ்டெப்னி மேல் வெளியூர் உறவுக்காரர் ஒருத்தர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். துக்கத்துக்கு வந்தவரை எழுப்புவதா? போகட்டும், நம்மிடம்தான் துபாய் மிஷின் இருக்கிறதே என்று அதை மட்டும் பரணிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா ஒரு சின்னப் பையோடு நின்றாள். காரைப் பார்த்ததும் கண் கலங்கியது. "சீக்கிரம் போடா" என்று மட்டும் சொன்னாள். போனேன். நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்பாதையில் இறங்கி, சுடுகாட்டைத் தாண்டி, ஏரிக்கரை மேல் ஏறினதும் பின்பக்கம் தட்தட்தட் என்று சத்தம். இறங்கிப் பார்த்தால் பின் சக்கரம் தரையோடு தரை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வருத்தமே வரவில்லை. மிஷினுக்கு வேலை வந்துவிட்டது!

"நடந்துடலாம்டா சேகரு. ஒரு மைல்தான இருக்கும்" என்றாள் அக்கா.

"அஞ்சே நிமிஷம்க்கா. ஃபாரின் சரக்கு."

அவள் நடந்து வந்து சேர்ந்தால் நான் யார்? அக்காவைக் காரில் வைத்து, வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்துவிட வேண்டும். மொத்த சொந்தமும் பார்க்க வேண்டும். அதுதான் என் கணக்கு. பானெட்டைத் திறந்து பேட்டரியில் கிளிப்பை மாட்டினேன். வயரும் டியூபும் சேர்த்து இழுத்துப் பார்த்தால் முன் சக்கரம் வரைக்கும்தான் எட்டுகிறது. துபாயில் பின் சக்கரம் பஞ்சரே ஆகாது போலிருக்கிறது.

"நடந்துடலாம்டா."

"ரெண்டு நிமிஷம்க்கா. பேட்டரியக் கயட்டி பின்னாடி எடுத்தாந்துட்டா முடிஞ்சுது."

கழற்றினேன். அது கனத்த கனத்துக்குப் பெரியப்பாவையே தூக்கிவிடலாம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அக்கா. அப்பாவின் முகத்தைப் பார்க்க ஓடிவந்த பெண், ஏரிக்கரையில் பேட்டரி சுமந்தாள். பின்னால் வைத்து மாட்டி சுவிட்சைப் போட்டதும் மிஷின் அலறியது. ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிட்டது. மீட்டர் முள் லேசாக ஏறியது. "பாத்தியாக்கா!" என்று கத்தினேன்.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதேடா?"

"அது மிஷின் சத்தம்க்கா."

அது மிஷின் சத்தம் இல்லை. டயரில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு ஆணி ஏறியிருந்தது. நான் அடித்த காற்றை டயர் வாங்கி வாங்கி ஏரிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. சக்கரம் கொஞ்சம் நிமிரும், நான் சந்தோஷப்படுவேன், மறுபடி உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அக்கா ஊர்ப் பக்கம் பார்ப்பாள், நான் "இதோ ஆச்சு" என்பேன், அவள் சரி என்று தலையை ஆட்டுவாள். இப்படியே ஓடிக்கொண்டிருக்கையில் மிஷினின் அலறல் மெல்ல மெல்லக் கம்மி, ஒரு விக்கல் விக்கி நின்றுபோனது. பேட்டரியில் சொட்டு உயிர் இல்லை.

அந்த அமைதியில்தான் ஊர்ப் பக்கமிருந்து மேளம் கேட்டது. மேற்கே வானம் கறுத்திருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"எடுத்துட்டாங்கடா" என்றாள் அக்கா. அழவில்லை. சொல்லிவிட்டு அப்படியே பம்பர் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

எங்கள் ஊரில் பெண்கள் தெருமுனை வரைக்கும்தான் வருவார்கள். அங்கேயே அழுது, திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் ஆண்கள்தான். சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரன் கல் என்று ஒரு நடுகல் இருக்கிறது. பாடையை அங்கே இறக்கி, கடைசியாக ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோவார்கள். அங்கே எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் நின்றதில்லை. ஆக, வீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றால் அக்காவுக்கு எல்லாம் முடிந்தது. அதை முடித்து வைத்தவன் நான். எனக்கு அந்த ஏரியிலேயே விழுந்துவிடலாம் போலிருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் பேட்டரியைத் தூக்கிக்கொண்டுபோய் முன்னால் மாட்டினேன்.

மேளம் நெருங்கியது. முன்னால், பெரியப்பாவுக்கு மகன் இல்லாததால் கொள்ளி வைக்க வந்த என் அண்ணன் தணிகாசலம், ஈர வேட்டியோடு, கையில் கொள்ளிச்சட்டி. பின்னால் பூப்பல்லக்கு. தலைப்பக்கம் உயர்த்திக் கட்டியிருந்ததால் பெரியப்பா எங்களையே முறைத்துக்கொண்டு வருகிற மாதிரி இருந்தது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர், ஒரு பக்கம் கருவேல முள் அடர்ந்த பள்ளம், நடுவில் கார். ஊர்வலம் அப்படியே நின்றுவிட்டது.

"இன்னாடா பண்ணிக்கினு கீற?" என்றான் அண்ணன்.

"காத்தடிக்கிறேன்ணே."

சட்டியை என் தலையில் கவிழ்த்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். "கிட்ட வராதண்ணே, பெட்ரோல் டேங்கு கீது" என்றேன். சாவுக்கு வந்த இடத்தில் ரெண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பல்லக்கு தூக்கியவர்களில் ஒருத்தன், "அதான் அவரு உசுரோட இருந்த வரைக்கும் இவன வண்டில கை வெக்க வுடல" என்றான். இன்னொருத்தன், "தோளு போவுதுப்பா, எறக்கி வெச்சிட்டு வண்டியத் தள்ளலாம்" என்றான். சித்தப்பா விடவில்லை. "நடுவழியில எறக்கற வழக்கம் நம்ம வூட்ல கெடையாது. எறக்கினா அரிச்சந்திரன் கல்லுலதான்."

கார்க் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கலாக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"முன்னாடி புடிச்சு பின்பக்கமா தள்ளுங்க. ரிவர்ஸ்ல எடுக்கறேன்."

சித்தப்பா வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் பானெட்டில் கை வைத்துவிட்டார்கள். மேளக்காரர்கள் ஏன் எதற்கு என்று கேட்காமல் அடியை வேகப்படுத்தினார்கள். கார் நகர்ந்தது, குலுங்கியது, இருமியது, ஒரு பெரிய கரும்புகையைக் கக்கிவிட்டு ஸ்டார்ட் ஆனது. நான் காருக்குப் பின்னால் ஓடினேன். "வரலாம், வரலாம்... லெஃப்ட்ல லேசா ஒடி... வரலாம்."

ரிவர்ஸ் எடுக்கிறவர்கள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார்கள். அக்கா ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. என் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, ஆடி ஆடி, பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா, இந்தப் பக்கம் அவள். ரெண்டு பேரும் நேருக்கு நேர். தூறல்கூட இல்லை, ஆனால் வைப்பரைப் போட்டிருந்தாள்.

கரை இறங்கி அரிச்சந்திரன் கல்லுக்குப் பக்கத்தில்தான் காரை ஒதுக்க இடம் கிடைத்தது. பல்லக்கை இறக்கினார்கள். அக்கா கதவைத் திறந்து இறங்கினாள்.

"பொம்பளைங்க இங்க வரக்கூடாது கலா" என்றார் சித்தப்பா.

"நானா வந்தேன் சித்தப்பா? கரையில எங்க திருப்பறது?"

சித்தப்பா திரும்பி ஏரிக்கரையைப் பார்த்தார். முள்ளைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி, பாத்துக்க" என்றார்.

அக்கா குனிந்து பெரியப்பாவின் கன்னத்தில் ஒட்டியிருந்த சாமந்தி இதழை எடுத்தாள். "இனிமே கார எடுத்துக்கினு எங்கயும் போவ முடியாதுப்பா. கார் என்கிட்ட கீது" என்றாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள். அண்ணனும் அழுதான். நான் ஒரு ஓரமாக நின்று, ஆணி குத்தின டயரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு வேறு எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் காரை ரிவர்ஸ் எடுத்தாலும், சின்னக் குழந்தை முதற்கொண்டு "வரலாம், வரலாம்" என்று என் குரலில் கத்துகிறது. நான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அண்ணன், "மிஷின் எடுத்தாந்துக்கிறியா?" என்று கேட்காமல் விடமாட்டான். கலாக்கா இந்தக் கதையைச் சொன்னால் பேட்டரி தூக்கினதை நடித்தே காட்டுவாள். வயிறு வலிக்கச் சிரிப்போம்.

போன மாதம் பெங்களூர் போயிருந்தபோது, யாரும் இல்லாத நேரத்தில் நானே கேட்டேன். "நடந்துடலாம்னு அத்தன தடவ சொன்னியே, என்ன வுட்டுட்டு நீ நடந்திருக்கலாமேக்கா?"

"பயமா இருந்துச்சுடா" என்றாள். "வூட்டுக்குள்ள எப்படி நுழையறதுன்னு பயம். நீ அஞ்சு நிமிஷம், அஞ்சு நிமிஷம்னு சொன்னப்பல்லாம் அப்பாடான்னு இருந்துச்சு."

இத்தனை வருஷம் நான் சுமந்த பாரத்தில் பாதியை அவள் இப்படிச் சாதாரணமாக இறக்கி வைத்தாள். காபியை ஆற்றிக் கொடுத்துக்கொண்டு சொன்னாள். "நான் போறன்னிக்கும் நீதான்டா முன்னாடி நின்னு வரலாம் வரலாம்னு சொல்லணும். அந்த மிஷின மட்டும் எடுத்தாராத."

"மிஷின் இன்னாக்கா, காரே வேணாம்" என்றேன். "நான் நடந்தே வந்துடறேன்."