கடப்படி தாண்டாத சோல்தாது

“இடதுகால் மச்சான், இடதுகால்! இப்ப வலதுகாலையெல்லோ இழுக்கிறாய்!”

சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் நின்று கிறகரி கத்தினான். நான் காலை மாற்றினேன். ஊன்றுபொல்லையும் மாற்றினேன். இரண்டுமாகச் சேர்ந்து என்னைப் பழைய டயர்க் குவியலில் கொண்டுபோய் இருத்தின.

“இது நல்லா இருக்கு,” என்றான். “ஆபீசர் வாற நேரம் இப்பிடியே விழு.”

“இது நடிப்பில்லடா. தூக்கு.”

விஷயம் இதுதான். சண்டைக்காலத்தில் படையில் இருந்தவர்களில் நடமாட முடியாதவர்களை வீட்டோடு இருந்து கவனிக்க ஓர் ஆள் வைத்தால், அந்த ஆளுக்கு அரசாங்கம் மாதாமாதம் படி கொடுக்குமாம். கிறகரி எங்கேயோ விசாரித்து வந்திருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்தில் நாங்கள் இருவரும் திருகோணமலைக் கோட்டையில் இருந்தவர்கள். குண்டு போட்ட அன்றைக்கு என் முழங்கால் அடிபட்டதும் உண்மை. குண்டு துறைமுகத்தில் விழுந்தது. நான் சமையல்கட்டுக்குப் பின்னால் கழிவுப் பள்ளத்தில் விழுந்தேன். நாள் ஒன்றுதான்.

ஆகவே மகத்தான தீர்மானம் ஒன்று எடுத்தோம். நான் நோயாளி. கிறகரி என்னைக் கவனிக்கும் ஆள். வருகிற படியைத் தொடாமல் சேர்ப்பது. ஒரு வாடகைக் கார் பிடித்துத் திருகோணமலைக்குப் போவது. கோட்டை மேட்டில், எங்கள் பீரங்கி நின்ற இடத்தில், பொழுது சாயும் நேரம் ஒருதரம் நிற்பது.

சண்டை முடிந்து வந்த பிறகு நாங்கள் அந்தப் பக்கம் போகவேயில்லை. கலியாணம் வந்தது, வயல் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். ஆனாலும் கண்ணை மூடினால் அந்த மேடுதான். விளக்குக் கொளுத்தக் கூடாத நாட்கள் அவை. ஊர் முழுக்கக் கறுப்பாக இருக்கும். கடலில் ஏதாவது ஒரு கப்பல் ஒரு கணம் வெளிச்சம் காட்டி மறைக்கும். தகரக் கோப்பையில் தேத்தண்ணி துரு ருசிக்கும். கிறகரி மாதா பாட்டு ஒன்றைச் சீட்டியடிப்பான். எனக்கு இருபது வயது. அந்த வயதை அங்கே எங்கேயோ வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றும், போனால் எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஓர் எண்ணம்.

என் மனைவி ஜுனைதாவுக்கு இதெல்லாம் தெரியத் தேவையில்லை. அதிகாரி வருகிற நாளில் பாலமுனையில் ஒரு கலியாணம் இருந்தது.

“நீ போய் ரெண்டு நாள் நிண்டு ஆறுதலா வா புள்ள,” என்றேன்.

முப்பத்தைந்து வருடத்தில் நான் அப்படிச் சொன்னதில்லை. அங்கேதான் பிசகியது என்று இப்போது விளங்குகிறது.

அவள் போனதும் கட்டிலில் ஏறிப் போர்த்திக்கொண்டேன். கிறகரி தோளில் துவாயும் கையில் எண்ணெய்ப் போத்தலுமாக நின்றான். வேலி வாசலில், கடப்படியடியில், சத்தம் கேட்டது. முனகத் தொடங்கினேன்.

“வாங்க சேர், இதுதான் வீடு. தலைய குனிஞ்சி வாங்க, நிலை பதிவு.”

குரல் ஜுனைதாவுடையது.

ஊரில் என்னைச் சோல்தாது, அதாவது பட்டாளத்துக்காரன், என்றுதான் சொல்லுவார்கள். பஸ் நிலையத்தில் யாரோ ஒரு துரை, சோல்தாது கச்சிமுகம்மதுவின் வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். கேட்டது சோல்தாது கச்சிமுகம்மதுவின் மனைவியிடம்.

அதிகாரியின் பெயர் தங்கரத்தினம். கதிரையில் அமர்ந்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“உங்களக் கவனிக்க வீட்டில ஆரும் இருக்கினமா?”

பாடமாக்கி வைத்திருந்த பதில் தானாகவே வெளியே வந்துவிட்டது. “ஒருத்தருமில்ல சேர்.”

ஜுனைதா முக்காட்டைச் சரிசெய்தாள். “ஓம் சேர். ஒருத்தருமில்ல. நான் ஒருத்தி சும்மா இரிக்கன். அவருக்கு இன்னும் அறிமுகமில்ல.”

“அப்ப இவர்?”

“கிறகரி, சேர்,” என்றேன். “இவர்தான் ஒவ்வொரு நாளும் வந்து என்னப் பாக்கப் போறவர்.”

“வீடு ஆருடையது?”

“என்ட வீடுதான் சேர்.”

ஜுனைதா இருமினாள். சின்ன இருமல்தான்.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு றங்குப்பெட்டியோடு வந்து சேர்கிறவர். இது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். திட்டம் போட்ட நாட்களில் எனக்கு மட்டும் நினைவு வரவில்லை. இத்தனை காலம் ஒரு கூரைக்குக் கீழே படுத்தால் அது தன்னுடைய கூரைதான் என்று யாருக்கும் தோன்றிவிடும்.

“வீடு எனக்கு உம்மா தந்த, சேர். இவர் மாப்பிள்ளையா வந்தவர். வெளி ஆம்பிளை ஒருத்தர் நாளாந்தம் நான் இரிக்கிற வீட்டுக்குள்ள வந்து போறதுக்கு நான் சம்மதிக்கமாட்டன். கிறகரி அண்ணன் நல்ல மனிசன்தான். ஆனா அவரும் ஆம்பிளதானே?”

“ஓம், ஓம்,” என்றான் கிறகரி. எண்ணெய்ப் போத்தலைக் கட்டிலுக்குக் கீழே வைத்தான். நண்பன் என்றால் அப்படி ஒரு நண்பன்.

“வீட்டுக்காரர்ர சம்மதம் இல்லாட்டி ஏலாது,” என்று தங்கரத்தினம் எழும்பப் பார்த்தார். திருகோணமலை என் கண்முன்னே கடலில் தாழ்ந்தது.

அப்போதுதான் ஜுனைதா என்னைக் காப்பாற்றினாள். அப்படித்தான் நினைத்தேன்.

“ஆனா சேர், இந்த மனிசன்ட கஷ்டத்தச் சொல்லோணும். ஒழும்ப ஏலா. நடக்க ஏலா. என்ன, ஏலுமா?”

“ஏலா,” என்றேன்.

“கடைத்தெருவுக்குப் போக ஏலா.”

“ஏலா, ஏலா.”

“சைக்கிள் கடையில போய்க் குந்தி, பின்னேரம் முழுக்கக் கதைக்க ஏலா.”

ஒரு கணம் தயங்கினேன். அதிகாரி பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏலா.”

“வேலிக் கடப்படி தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார் சேர். நான்தான் தூக்கி, நான்தான் இருத்தி, நான்தான் ஊட்டுற.”

தங்கரத்தினத்தின் கண் கலங்கியது. கவனிக்கும் ஆள் ஜுனைதா என்று முடிவாயிற்று. படி அவள் பெயருக்கு வரும். ஊர்ப் பொறுப்பில் உள்ள விதானையார் இடைக்கிடை சைக்கிளில் வந்து பார்ப்பார். நான் கடப்படிக்கு வெளியே நடமாடக் கண்டால் படி நிற்கும்.

அன்றிலிருந்து நான் விறாந்தையில், ஒரு சாய்மனைக் கதிரையில். கிறகரி வேலிக்கு வெளியே நின்று ஊர்ப்புதினம் சொல்லுவான். சிறையில் இருக்கிறவனைப் பார்க்க வருகிற சொந்தக்காரன்போல ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருவான். பாதியை அவனே தின்றுவிட்டுப் போவான்.

“ஜுனைதா, ஒரு தேத்தண்ணி.”

“இப்ப டியூட்டி நேரமில்ல. அஸர் தொழுகைக்குப் பிறகு கேளுங்க.”

சில மாதம் போனது. ஒருநாள் அவள் பயணப் பை அடுக்குவதைக் கண்டேன்.

“எங்க போற?”

“லீவு. வேலை செய்றவளுக்கு லீவு இல்லையா? பக்கத்து வீட்டுச் சுபைறாவும் நானும் திருகோணமலைக்குப் போறம். தம்பி கிண்ணியாவுல மாப்பிள்ளையா இரிக்கான்தானே, அங்க தங்குவம்.”

“திருகோணமலைக்கா?”

“கலியாணம் முடிச்ச நாள்ல இரிந்து கேட்ட கதை. ஒருக்கா என்ட கண்ணால பாத்திட்டு வாறன்.”

“நானும் வாறன் புள்ள.”

“நடக்க ஏலாத மனிசன் எப்பிடி வாற?”

பையைத் தூக்கிக்கொண்டு போனவள் கடப்படியில் திரும்பி நின்று சொன்னாள்: “கிறகரி அண்ணன வரச் சொல்லுங்க. நான் இல்லாத வீடுதானே, வரலாம்.”

அவள் திரும்பி வந்த அன்று பின்னேரம் முற்றத்தில் பெண்கள் கூட்டம். நான் ஆயிரம் தரம் சொல்லி ஒருவரும் காது கொடுக்காத கதையை அவள் சொன்னாள். எல்லோரும் வாயைத் திறந்து கேட்டார்கள்.

“கோட்டை வாசலுக்குள்ள போனா வலது கைப்பக்கம்…”

“இடது,” என்றேன் கதிரையிலிருந்து.

“நீங்க பாத்த வெள்ளைக்காரன்ட காலத்துல. நான் பாத்த முந்தாநாள்.”

எல்லோரும் சிரித்தார்கள். என் திருகோணமலை அந்த இடத்திலேயே கைமாறிப் போயிற்று.

கூட்டம் கலைந்த பிறகு மெல்லக் கேட்டேன். “பீரங்கி?”

“பீரங்கி இல்ல. அது நிண்ட கட்டு மட்டும் கிடக்கு. அதுக்கு மேல ஒரு மான் படுத்திருந்திச்சி. ஒழும்பிப் போகவும் இல்ல, பயப்படவும் இல்ல. உங்களப்போல.”

முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, “பொழுதுபடு மட்டும் நிண்ட நான். சுபைறா போவம் போவம் எண்டாள். ஒரு கப்பல் வெளிச்சம் போட்டிச்சி. நீங்க சொன்னது சரிதான்.”

இதுதான் நேரம் என்று தோன்றியது.

“அடுத்த தரம் என்னையும்…”

“அடுத்த தரம் கிறகரி அண்ணன்ட மனிசி இமக்குலேற்றும் வாறாவாம். காசு கட்டிட்டா.”

அவள் படியில் அமர்ந்து காலை நீட்டினாள். பஸ்ஸில் தொங்கிய கால்கள் வீங்கியிருந்தன. நான் எழுந்து குசினிக்குப் போனேன். வெந்நீரைப் பேசினில் ஊற்றி, கொஞ்சம் உப்புப் போட்டு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தேன். நேராகத்தான் நடந்தேன்.

ஒழுங்கையில் விதானையாரின் சைக்கிள் மணி கேட்டது. ஜுனைதா கையை நீட்டி, சுவரோரம் சாய்ந்திருந்த பொல்லை எடுத்து என் கக்கத்துக்குள் செருகினாள். பிறகு காலைத் தண்ணீருக்குள் வைத்தாள்.