இருபத்தெட்டுக்கு இருபத்தொன்று

டென்னிஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு பெரிய இறுதி ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று சொன்னேன். சொன்னதோடு விட்டிருக்கலாம். ஒரு வார்டு முழுக்க லட்டும் கொடுத்தேன்.

எனக்கு வேலை மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு குடோனில். லாரியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணுவேன். படிப்பு நாலாவது வரை. எழுத்து தள்ளாடும். நம்பர் தள்ளாடாது. எத்தனை லாரி வந்தாலும் சாயங்காலம் கூட்டிச் சொல்லிவிடுவேன். இதுவரை ஒரு மூட்டை பிசகினதில்லை. (இந்தக் கர்வம்தான் கெடுத்தது.)

அண்ணன் சுப்பையா வேலை பார்த்தது ஒரு கிளப்பில். டென்னிஸ் கோர்ட்டை உருட்டுவது, தண்ணீர் தெளிப்பது, வெள்ளைக் கோடு போடுவது. முப்பது வருஷம். அவர் ஆடினதில்லை. ஆனால் ஒருவன் பந்தை அடிக்கக் கை ஓங்கும்போதே அது எங்கே விழும் என்று சொல்வார்.

அவருக்குச் சுகர். காலில் ஒரு புண். யாரிடமும் சொல்லாமல் செருப்பு போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது பாதம் கறுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா வந்தார். "முட்டிக்குக் கீழே எடுக்கணும். நாளைக்கே செய்யலாம். முட்டி மிச்சம் இருந்தா பொய்க்கால் வச்சு நடக்கலாம். தள்ளிப் போட்டா மேலே ஏறும்."

அண்ணன் சம்மதப் பேப்பரைப் பார்க்கவேயில்லை. சுவரைப் பார்த்தார்.

"கோர்ட்ல இறங்காம நான் என்ன செய்ய? வீட்டுக்குப் போறேன்" என்றார்.

அண்ணி அழுதார். எனக்குப் பேச வராது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணனே சொன்னார். "ஞாயித்துக்கிழமை ஆஸ்திரேலியாவுல பைனல். ஒரு கிழவன் ஆடுறான். முட்டியில கட்டு. இதோட நிறுத்தப் போறான்னு பேச்சு. எதிர்ல ஒரு பொடியன். கிழவன் ஜெயிச்சா நான் காலைக் குடுக்கேன். தோத்தா என்னைய வீட்டுல விட்டுரணும்."

"என்ன பேச்சு இது" என்றார் அண்ணி. "தம்பி, நீங்க சொல்லுங்க."

நான் வெளியே போனேன். என் மகள் செல்விக்குப் போன் போட்டேன். அவளுக்குக் காக்கநாட்டில் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. அங்கே டிவி உண்டு, அவளுக்கு டென்னிஸும் கொஞ்சம் தெரியும். பெரியப்பா சொல்லிக் கொடுத்தது.

"அந்தக் கிழவனும் பொடியனும் இந்தப் போட்டியில இதுவரை ஆடின நம்பரை அனுப்பு. எழுத்து வேண்டாம். நம்பர் மட்டும்."

வந்தது. ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து கூட்டினேன். கிழவனுடைய நம்பரெல்லாம் சேர்த்தால் பொடியனைவிட எவ்வளவோ அதிகம். எனக்குத் திருப்தி. திரும்பி வந்து சொன்னேன். "கிழவன்தான் ஜெயிப்பான்."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எப்படிச் சொல்லுதே?"

"கணக்கு."

முப்பது வருஷமாக மூட்டை எண்ணுகிறவன் கணக்கு என்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. அண்ணியிடம் சொன்னேன். "ரெண்டு நாள்தானே அண்ணி. பொறுப்போம்."

(பிறகு செல்வி விளக்கினாள். கிழவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் தோற்கப்போய், இழுத்து இழுத்து, கடைசி நிமிஷத்தில் தப்பித்தவன். பொடியன் எல்லாரையும் அரை நேரத்தில் அடித்து அனுப்பியவன். ஆட்டம் நீண்டால் நம்பர் கூடும். நான் கூட்டினது கிழவனுடைய களைப்பை.)

ஞாயிறு மத்தியானம் ஆட்டம். அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "துண்டு துண்டா எங்கிட்ட சொல்லாதே. முடிஞ்சதும் வா."

நான் ஆஸ்பத்திரி வாசலில் சாயாக்கடையில் உட்கார்ந்தேன். அங்கே டிவியில் ஏதோ சினிமா. நாலு சாயா குடித்தேன். ஐந்தரைக்குச் செல்வியின் மெசேஜ் வந்தது. நான் சொன்னபடியே நம்பர் மட்டும். கிழவன் நம்பர் முதலில்.

6-7, 6-1, 6-7, 6-0, 4-6.

கூட்டினேன். கிழவன் இருபத்தெட்டு. பொடியன் இருபத்தொன்று. சரிபார்க்க இன்னொரு தடவை கூட்டினேன். ஏழு மூட்டை வித்தியாசம்.

பக்கத்துப் பேக்கரியில் முப்பது லட்டு வாங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி வாங்கினதில்லை. படியில் ஏறும்போது செல்வி மூன்று தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. இரண்டு கையிலும் பெட்டி.

"அண்ணே, உங்க ஆள் ஜெயிச்சாச்சு. இருபத்தெட்டுக்கு இருபத்தொன்னு."

அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த இடத்திலேயே நின்றது.

"அது என்னடா கணக்கு? செட் செட்டாச் சொல்லு."

சொன்னேன். ஐந்தையும் சொன்னேன். பிசகாமல் சொன்னேன்.

"யார் நம்பர் முதல்ல?"

"உங்க ஆளுதான்."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன்.

லட்டு கொடுக்க ஆரம்பித்தேன். படுத்திருந்தவர்கள், துணைக்கு இருக்க வந்தவர்கள், தூத்து வார வந்த அம்மா, எல்லாருக்கும். சுகர்க்காரர்களுக்கு இல்லை என்று நர்ஸ் சொன்னார். (பாதி வார்டு சுகர். அவர்கள் வீட்டு ஆட்களிடம் கொடுத்தேன்.) கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். "அண்ணனோட ஆள் ஆஸ்திரேலியாவுல ஜெயிச்சாச்சு." ஒரு பாட்டி, "மகனா, மருமகனா?" என்று கேட்டார். எதுவாக இருந்தாலும் நல்லது என்று லட்டை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காலிப் பெட்டியோடு கட்டிலுக்கு வந்தேன்.

"பேனா எங்கே?" என்றார்.

கையெழுத்துப் போட்டார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அப்போது செல்வி மறுபடி கூப்பிட்டாள். எடுத்தேன்.

"அப்பா, பெரியப்பாகிட்ட மெல்லமாச் சொல்லுங்க. கிழவன் தோத்துட்டான்."

"யாரு தோத்தா? ஏழு கூட இருக்கே."

"எதைக் கூட்டுனீங்க? அப்பா, டென்னிஸ்ல கூட்டக் கூடாது. ஒவ்வொரு வரியும் ஒரு செட்டு. தனித்தனி. அஞ்சுல மூணு எடுத்தவன் ஜெயிச்சான். கிழவனுக்கு ரெண்டுதான்."

அவள் குரல் பெரியது. அடுத்த கட்டில் ஜோசப் சேட்டனுக்குக் கேட்டுவிட்டது. அவர் கையில் பாதி லட்டு.

"அப்போ இது எந்தா கணேசா, தோற்றதின் லட்டோ?"

வார்டு சிரித்தது. எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை. அண்ணன் பக்கம் குனிந்தேன்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"நீ செட்டுச் சொன்னப்பவே தெரியும்."

"பின்னே ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"முப்பது லட்டு குடுத்துட்டே. திரும்ப வாங்க முடியுமா?"

சொல்லிவிட்டு அவரும் சிரித்தார். அந்த மாசத்தில் அவர் சிரித்தது அன்றுதான்.

திங்கட்கிழமை காலையில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்தார். என்னை வெளியே கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "ஏறிப்போச்சு. இனி முட்டி நிக்காது. தொடையிலதான் எடுக்கணும். சனிக்கிழமைன்னா முட்டி கிடைச்சிருக்கும்."

நான் தலையாட்டினேன். அண்ணியிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அண்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பொய்க்கால் ஒன்று கொடுத்தார்கள். தொடையோடு எடுத்தவருக்கு அது பாரம். பழக்கிப் பார்த்தார், மூன்று தடவை விழுந்தார். இப்போது அடியில் ரப்பர் வைத்த ஊன்றுகோல்தான். கிளப்பில் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி. வண்டிச் சாவிகளைப் பார்த்துக்கொள்கிறார். கோர்ட்டுக்குள் ஊன்றுகோல் வைத்தால் மண்ணில் குழி விழும் என்று இறங்குவதில்லை. கோடு போடுவது இப்போது வேறு ஆள். கோடு கோணல் என்று தினமும் வீட்டில் சொல்வார்.

எங்கள் வீட்டில் நாலு பேர் கூடினால் இந்தக் கதை வந்துவிடும். சொல்வது அண்ணன்தான். நன்றாகச் சொல்வார். நான் படியேறி வந்த வேகம், என் மூச்சு, "இருபத்தெட்டுக்கு இருபத்தொன்னு" என்ற குரல், பாட்டி கேட்ட கேள்வி. பிள்ளைகள் புரண்டு சிரிக்கும். யாராவது எதிலாவது தோற்று வந்தால், பரீட்சையோ வேலையோ, "சித்தப்பாவைக் கூட்டச் சொல்லு, ஜெயிச்சிருப்பே" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த இரண்டு நாள் கதையில் வராது. வெள்ளிக்கிழமை டாக்டரம்மா சொன்னது வராது. "பொறுப்போம்" என்று நான் சொன்னது வராது.

செல்வி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அண்ணன் இதைச் சொன்னார். எல்லாரும் சிரித்து முடித்தார்கள். சம்பந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்புறம் என்ன ஆச்சு?"

எனக்கு என்னமோ அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. "திங்கட்கிழமை காலையில..." என்று ஆரம்பித்தேன்.

அண்ணன் என் முழங்கையைப் பிடித்தார்.

"லட்டோட நிறுத்துடா" என்றார்.

நிறுத்தினேன்.