பட்டனுக்கு அடியில் இடமில்லை

இந்த நவம்பரில் மான் வேட்டைக்குப் போயே தீருவது என்று வெர்லின் ஸ்ட்ராண்ட் சபதம் செய்தார். வேட்டைக்காரர்கள் தூரத்திலிருந்தே கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சு நிறக் கோட்டை எடுத்து வாசற்கதவுக்குப் பக்கத்தில் மாட்டியும் விட்டார். ஆனால் விஸ்கான்சின் மாநிலத்தில் வேட்டை தொடங்கும் அதே சனிக்கிழமைதான் மைத்துனி லவோன் வீட்டில் சுவரெல்லாம் ஒட்டியிருந்த பழைய பூப்போட்ட காகிதத்தை உரிக்க ஆள் தேவைப்பட்டது.

"ஆடி முடிவு பண்ணிக்கலாம்," என்றாள் மனைவி ஆர்டிஸ். "நீ ஜெயிச்சா காட்டுக்குப் போ. நான் ஜெயிச்சா ஏணியில ஏறு."

விண்கப்பலிலிருந்து விண்கல்லைச் சுடும் பழைய வீடியோ ஆட்டம் அது. கல்யாணத்துக்கு முன் ஊர் மதுக்கடையில் காசு போட்டு ஆடியது. அங்கே ஆர்டிஸை யாரும் ஜெயித்ததில்லை. வெர்லின் நிறைய காசு போட்டதோடு சரி. இப்போது அதை வீட்டில் ஆட அவரே ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார். மேலே பலகை மூடி. மூடியில் இடப்பக்கம் அவருக்கு ஒரு கைப்பிடி, நான்கு பட்டன். வலப்பக்கம் அவளுக்கும் அதே.

மூடியைத் திருகி இறுக்கிவிட்டு ஒரு பட்டனை அழுத்தினார். உள்ளே போனது. வெளியே வரவில்லை. அடுத்ததும் அப்படியே. எட்டும் அப்படியே.

வெர்லின் எதையும் இரண்டு முறை அளக்கிறவர். பட்டனின் நீளத்தையும் இரண்டு முறை அளந்திருந்தார். அதன் அடியில் மாட்டும் ஒயர்க் கொக்கியை ஒரு முறைகூட அளக்கவில்லை. கொக்கி பெட்டியின் தரையில் இடித்துப் பட்டனை அடியிலிருந்து நெருக்கியது. மூடி ஒரு நூல் உயர்ந்தால் போதும்.

சாப்பாட்டு அறையில் அதற்கு மருந்து இருந்தது. தரை கீறாமலிருக்க நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஆர்டிஸ் கம்பளித் துண்டுகள் ஒட்டியிருந்தாள். வெர்லின் தன் நாற்காலியைக் கவிழ்த்து நான்கையும் உரித்து, மூடிக்கு அடியில் தன் பக்கத்தில் வைத்து இறுக்கினார். அவருடைய பட்டன்கள் துள்ளின.

அவள் பக்கத்துக்காக அடுத்த நாற்காலியைக் கவிழ்த்தார். அப்போது கதவோரம் தொங்கிய ஆரஞ்சு கோட்டு கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு நாற்காலியைச் சத்தமில்லாமல் நிமிர்த்தி வைத்தார். காது சுட்டது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் பெட்டியை வைத்து ஆர்டிஸ் பழகப் பார்த்தாள்.

"வெர்லின், என் பட்டன் ஒட்டிக்குது."

"பட்டன் நல்லாத்தான் இருக்கு. நீ மாவு பிசையற மாதிரி அழுத்தற."

"வேற எப்படி அழுத்தறதாம்?"

"ஓரமா, மெல்லத் தட்டணும். நுணுக்கமான சாமான் இது."

"அப்படியா? உன்னுது மட்டும் தவளை மாதிரி குதிக்குதே."

"பழக்கம்தான்," என்றார் வெர்லின், உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு.

அவள் தினமும் மாலையில் உட்கார்ந்து ஓரமாக, மெல்லத் தட்டிப் பழகினாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சூப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். எழுந்துபோய் மூடியைக் கழற்றிச் சரிசெய்ய அரை மணி போதும். எழுந்தால் நாற்காலி பன்றிக்குட்டி மாதிரி கத்தியது.

"என்ன, உன் நாற்காலி அழுவுது?"

"குளிர்ல மரம் சுருங்கும்."

"நீ உட்கார்ற மரம் மட்டும் சுருங்குதாக்கும்," என்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள் ஆர்டிஸ்.

போட்டியன்று சாட்சிக்குப் பக்கத்து வீட்டு மைலோ குபியாக் வந்தார். காட்டில் இருக்கும் வேட்டைக் குடிசை அவருடையது. வெர்லினுக்கும் சேர்த்து இறைச்சியும் பீரும் வாங்கிவைத்துவிட்டார்.

ஆர்டிஸ் கைப்பிடியைத் தொடுமுன் கேட்டாள். "மைலோ முன்னாடி சொல்லிடு. ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? பக்கம் மாத்திக்கணுமா?"

"எதுக்கு மாத்தணும்? ரெண்டும் ஒண்ணேதான்."

"நல்லாக் கேட்டுக்கோ மைலோ."

ஆட்டம் தொடங்கியது. முதல் விண்கல் வந்தது. வெர்லின் ஓங்கி ஒரு குத்து விட்டார். பட்டன் உள்ளே போனது. வெளியே வரவில்லை. இன்னொன்றைக் குத்தினார். அதுவும் வரவில்லை. பக்கத்தில் ஆர்டிஸ் பூனையைத் தடவுகிற மாதிரி ஓரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். திரையில் கற்கள் அவள் பக்கம் பொடிப்பொடியாயின.

"என்னய்யா ஆச்சு? சுடு," என்றார் மைலோ. "இறைச்சி வாங்கி வெச்சிருக்கேன்யா."

பதறிப்போய் வெர்லின் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். அது வெண்ணெயில் வழுக்குவது போல் போனது. ஒரு முனகல் இல்லை.

குனிந்து பார்த்தார். கம்பளித் துண்டுகள் நான்கும் நாற்காலிக் கால்களுக்கே திரும்பி வந்திருந்தன. அப்படியானால் பெட்டிக்குள் இப்போது ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் உண்மையிலேயே ஒன்றுதான். அந்தக் கெட்ட பட்டனில் இந்த வீட்டில் ஆடத் தெரிந்தவள் ஒருத்திதான். கற்றுக்கொடுத்தவர் அவரேதான்.

"பட்டன்ல ஏதாவது கோளாறா வெர்லின்?" என்றாள் ஆர்டிஸ், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இருந்தாச் சொல்லு. மூடியைத் திறந்து மைலோவுக்கும் காட்டலாம்."

வெர்லின் வாயைத் திறந்தார். மைலோவைப் பார்த்தார். காது, கழுத்து, வழுக்கைத் தலை எல்லாம் சிவந்து போயின.

"கோளாறு ஒண்ணுமில்ல," என்றார். "நான்தான் ஓங்கி அழுத்தறேன்."

"அதானே. நுணுக்கமான சாமான்."

அவருடைய கடைசிக் கப்பலும் வெடித்தது. மைலோ எழுந்து, இறைச்சியைத் தனியாளாக எப்படித் தின்பது என்று முணுமுணுத்தபடி தொப்பியைத் தேடினார். வெர்லின் மெதுவாக நடந்துபோய்க் கதவோரம் தொங்கிய கோட்டைக் கழற்றி மடித்தார்.

"அதை ஏன் உள்ள வைக்கற?" என்றாள் ஆர்டிஸ். "சனிக்கிழமை ஏணியில ஏறறப்போ போட்டுக்கோ. நீ என்ன பண்றேன்னு எனக்குத் தூரத்திலேருந்தே தெரியணும்."