ஜப்பானுக்குப் போன டவுன்பஸ்

நடந்து போகிற மனுஷன் ஒருத்தர் பஸ்ஸைப் பார்த்து "ஓரமா போய்யா" என்று அதட்டினதை உலகத்தில் வேறு எங்கேயும் யாரும் பார்த்திருக்க முடியாது. நான் பார்த்திருக்கிறேன். கச்சிராயபாளையத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில், பட்டப்பகலில், பஸ்ஸில் இருந்த ஜனமெல்லாம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க, அதட்டினார். டிரைவரும் ஒதுங்கித்தான் ஓட்டினார். அடுத்த ஸ்டாப்பில் ஆளை ஏற்றி இறக்குவதற்குள் இந்த மனுஷன் மறுபடியும் முன்னால் போய்விடுவார் என்று அவருக்குத் தெரியும்.

அப்படித்தான் அவருக்கு டவுன்பஸ் என்று பேர் வந்தது. சொந்தப் பேர் ஒன்று இருந்தது, ரேஷன் கார்டோடு சரி. கரும்பு போடுகிற கொஞ்சம் நிலம், ரெண்டு மாடு, ஒரு சம்சாரம். அந்த அம்மாவை ஊரே கண்டக்டரம்மா என்று கூப்பிட்டது. பஸ் இருந்தால் கண்டக்டர் வேண்டும் இல்லையா!

அவர் நடக்கிறதற்கு வேகநடை என்று பேர். அது ஒரு விளையாட்டு என்பதே எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஓடக் கூடாது. எந்நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் எடுத்து வைக்கிற காலில் முட்டி மடங்கக் கூடாது. இந்தச் சட்டத்துக்கெல்லாம் கட்டுப்பட்டு ஒரு மனுஷன் வேகமாகப் போனால் இடுப்பு என்ன செய்யும்? அது பாட்டுக்குத் தனியாக ஒரு கரகாட்டம் ஆடும். அணைக்கரையில் துணி துவைக்கிற பெண்கள் அவரைப் பார்த்தால் துணியைப் போட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ளவே மாட்டார். மதகு மேல் உட்கார்ந்திருக்கிற கண்டக்டரம்மாவின் குரல் ஒன்றுதான் அவர் காதில் விழும்.

"யோவ், முட்டி! முட்டி மடங்குது பாரு! வூட்டுக்கு வா, கஞ்சி கெடயாது உனுக்கு!"

முட்டி உடனே நேராகிவிடும்.

வெயில் காலத்தில் பயிற்சிக்குக் கல்வராயன் மலை ஏறுவார். கரியாலூர் போகிற கொண்டை ஊசி வளைவில் எல்லாம் இடுப்பை ஆட்டிக்கொண்டு ஏறுவார். அருவி பார்க்க வந்த பசங்கள் ஒரு தரம் பாவப்பட்டு வண்டியை நிறுத்தி, "ஏறிக்கோங்க பெரியவரே" என்றார்கள். இவர் நிற்காமலே, "வேணாம் தம்பி, நான் கொஞ்சம் அவசரமா போய்க்கினு இருக்கறன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் மாவு மில் வைத்திருந்தவன். மூட்டை தூக்கிப் பழகின உடம்பு. படிப்புதான் எட்டாவதோடு நின்றதே தவிர, தோள் நிற்கவில்லை. இரும்புக் குண்டு எறிகிற போட்டிக்குப் போவேன். வயசானவர்களுக்கு என்று நடத்துகிற போட்டிகளில் நானும் டவுன்பஸ்ஸும் ஜோடியாகப் போய் வருவோம். திருக்கோவிலூரில் டிரில் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆன ஒருத்தர் எங்கள் டீமுக்கு மேனேஜர். அவர்தான் ஒரு நாள் மில்லுக்கு ஓடி வந்து, "ஜப்பான்ல போட்டி. நம்ம டீமு செலக்ட் ஆயிருக்குது" என்றார். நான் மாவோடு மாவாக நின்றபடியே அம்மன் கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

டவுன்பஸ் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "அவ வந்தாதான் நான் வருவேன்."

மேனேஜர் சார் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் எங்களுக்குக் காரணம் தெரியும். அதற்குச் சில வருஷம் முன்னால் கண்டக்டரம்மாவுக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். இவர் ஊருக்கு வந்து மாரியம்மன் வாசலில் விழுந்து, "இவள பொழைக்க வெச்சுக் குடு தாயே, உசுரு இருக்கற வரைக்கும் வருஷா வருஷம் காப்பு கட்றேன்" என்று நேர்ந்துகொண்டார். அந்த அம்மா பிழைத்தது. அதிலிருந்து அந்த அம்மாவைக் கண்ணில் படுகிற தூரத்திலேயே வைத்திருப்பார். மேனேஜர் சார் அந்த அம்மாவுக்கும் சேர்த்தே டிக்கெட் போட்டார்.

இதில்தான் வந்தது சங்கடம். மழை இல்லாமல் தள்ளிப்போட்ட மாரியம்மன் திருவிழா, சரியாக ஜப்பான் போகிற நேரத்தில் வந்து உட்கார்ந்தது. எங்கள் பக்கம் காப்பு கட்டிக்கொண்டவன், அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டிப் படுத்துத் தூங்கக் கூடாது. பகலில் எங்கே போனாலும் படுக்க ஊருக்கு வந்துவிட வேண்டும். ஜப்பானிலிருந்து எப்படிப் படுக்க வருவது? காப்பு கட்டாமல் விட்டால் நேர்த்தி தப்பும். கட்டிக்கொண்டு வெளியே படுத்தால் குத்தம். நேர்ந்துகொண்டது அந்த அம்மா உயிருக்காக. அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்த மனுஷன் முகம் சுண்டிப்போனது.

கடைசியில் பூசாரிதான் வழி சொன்னார். "எல்லைக்குள்ள இருக்கற மண்ண எடுத்துக்கினு போய்யா. போற எடத்துல அத்த பரப்பி அது மேல படு. ஊர்ல படுத்த மாதிரிதான்."

டவுன்பஸ்ஸுக்கு உயிர் வந்தது. காப்பு கட்டிக்கொண்டார். கோயில் பக்கத்திலேயே ஒரு மஞ்சப்பை நிறைய மண் அள்ளி, வேப்பிலை சொருகி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டே விமானம் ஏறினார். விமானத்தில் வேலை செய்கிற பெண் எவ்வளவோ சொல்லியும் மேலே பெட்டி வைக்கிற இடத்தில் அதை வைக்கவே இல்லை.

ஜப்பானில் இறங்கினோம். கண்ணாடி மாதிரி தரை. ஒரு நாய் வந்தது. அதுவும் அந்த ஊருக்குத் தகுந்த மாதிரி மரியாதையான நாய். குரைக்கவில்லை. மஞ்சப்பையை ஒரு தரம் மோந்து பார்த்துவிட்டு அவர் காலடியில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது.

"பாத்தியா, அம்மன் வாசன அதுக்குக் கூட தெரியுது" என்றார் டவுன்பஸ் பூரித்துப்போய்.

அதற்குள் அதிகாரி ஒருத்தர் வந்துவிட்டார். போட்டி நடத்துகிறவர்கள் எங்களுக்குத் துணையாக அனுப்பியிருந்த ஜப்பான் பெண் கொஞ்சம் இங்கிலீஷில் பேசும். அது மேனேஜர் சாரிடம் சொல்ல, அவர் எங்களிடம் சொன்னார். "வெளிநாட்டு மண்ணு உள்ள வரக் கூடாதாம். பூச்சி கீச்சி இருக்குமாம். இங்க சட்டமாம்."

"பூச்சியா? அம்மன் மண்ணுல பூச்சியா? நீ சொல்லு சார் அந்தாள்கிட்ட. இவுரு எல்லைக்குள்ள நான் வர்லாம், என் எல்ல வரக் கூடாதா?"

மேனேஜர் சார் அதை மொழிபெயர்க்கவில்லை. கண்டக்டரம்மா அதிகாரியிடமே நேராகப் போய், "இந்தா சாமி, இது கோயிலு மண்ணு. உங்க ஊர்லயும் கோயிலு இல்லாமலா கீது?" என்று தமிழிலேயே நியாயம் கேட்டது. அந்த அதிகாரி இடுப்பு வளையக் குனிந்தார். மறுபடியும் குனிந்தார். அப்புறம் ரெண்டு கையையும் நீட்டினார். நாம் பிரசாதம் வாங்க எப்படி நீட்டுவோமோ, அப்படி.

டவுன்பஸ் சண்டைக்குத்தான் நின்றார். ஆனால் அந்த ரெண்டு கையைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "ரெண்டு கையால இல்ல கேக்கறான்! இவங்கிட்ட எப்படி மில்லுக்காரரே சண்ட போடறது?" என்று என்னிடம் புலம்பிக்கொண்டே பையைக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் முடிவைச் சொன்னார். "எல்லைக்கு வெளிய படுத்துத் தூங்கனாதான குத்தம்? நான் படுக்கவே மாட்டேன்."

நாங்கள் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். அந்த மனுஷன் ஹோட்டல் கட்டிலைத் தொடவே இல்லை. கீழே வரவேற்பு இடத்தில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருந்தார். அங்கே வேலை செய்கிறவர்கள் அவர் தாண்டும்போதெல்லாம் எழுந்து குனிந்து வணக்கம் வைத்தார்கள். வைத்த வணக்கத்துக்குப் பதில் வைக்காமல் போகிற பழக்கம் நம்மாளுக்கும் இல்லை. நின்று, கையெடுத்துக் கும்பிட்டு, ரெண்டடி வைப்பார். அவர்கள் மறுபடியும் குனிவார்கள். இவர் திரும்பி நின்று மறுபடியும் கும்பிடுவார். பாவம், அவர்களும் தூங்கவில்லை.

மறுநாள் என்னுடைய போட்டி. நான் எறிந்த குண்டு, எறிந்தவனை விட்டுப் பிரிய மனசில்லாத மாதிரி பக்கத்திலேயே விழுந்தது. அதைப் பார்க்க வந்த டவுன்பஸ் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த ஜப்பான்காரர், இவர் கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்துத் தானும் கண்ணை மூடிக்கொண்டார். எனக்காக ரெண்டு நாடு பிரார்த்தனை செய்தும் குண்டு நகரவில்லை.

சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் அன்று மத்தியானத்தோடு சிரிப்பதை விட்டோம். பயிற்சி மைதானத்தில் நடந்து பார்க்கிறேன் என்று டவுன்பஸ் இறங்கினார். பாதிச் சுற்றில் முட்டி மடங்கியது. கண்டக்டரம்மா கத்தியது. நேராகவில்லை. தடுமாறி, அப்படியே புல்லில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். உதடு காய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

மேனேஜர் சார் பயந்துவிட்டார். "இப்படியே நாளைக்கி எறங்கனா இந்தாளு செத்துருவாரு. தூங்கலன்னா லிஸ்ட்லேந்து பேர எடுத்துருவேன். சொல்லிட்டேன்."

"எடுத்துக்க சார்" என்றார் டவுன்பஸ். "போட்டி போனா போவுது. அவ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

சொல்லிவிட்டு அந்த முரட்டு மனுஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணிக்கட்டில் மஞ்சள் கட்டின காப்புக் கயிறு வேர்வையில் ஊறிக் கிடந்தது.

கண்டக்டரம்மா மெதுவாகப் போய் அவர் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்தது. எப்போதும் யோவ் போட்டே பேசின வாயிலிருந்து அன்றைக்குத்தான் வேறு வார்த்தை வந்தது.

"மாமா. நான் எந்த ஊர்ல பொறந்தேன்?"

"இன்னாடி கேள்வி இது? நம்ம ஊர்லதான்."

"எந்த ஊர்ல கட்டிக் குடுத்தாங்க?"

"நம்ம ஊர்லதான்."

"பொறந்ததுலேந்து நான் துன்னது அந்த மண்ணுல வெளஞ்சது. குடிச்சது அந்த ஆத்துத் தண்ணி. ஆஸ்பத்திரில கெடந்தத தவுத்து ஒரு நாளு வெளிய தங்குனது கெடயாது. அப்ப இந்த ஒடம்பு இன்னா? எல்லாம் நம்ம ஊரு மண்ணுதான? மூட்ட கணக்கா ஊரு மண்ணு உன் எதுர்ல ஒக்காந்துகினு இருக்குது, ஒரு பை மண்ணுக்கு அழுதுகினு கீற! ஏர்போட்டுக்காரன் இத்த புடுங்கிக்கலியே!"

டவுன்பஸ் அந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். எங்கள் டீமில் விடிந்தால் குளித்து விபூதி பூசாமல் பச்சைத் தண்ணி குடிக்காதவன் நான்தான் என்பதால், சாமி விஷயத்தில் தீர்ப்பு என்னிடம்தான் வரும்.

"மில்லுக்காரரே. செல்லுமா?"

எனக்கு வேதம் தெரியாது, சாஸ்திரம் தெரியாது. தப்பாகச் சொன்னால் அந்த அம்மா உயிருக்குப் பழி நம் தலையில் வந்துவிடுமே என்று பயமாக இருந்தது. கண்ணை மூடி எங்கள் ஊர் மாரியம்மன் முகத்தை நினைத்தேன். அவள் பிள்ளை பெற்றவள் மாதிரி இருப்பாள். அந்த முகம் இந்த மனுஷனைத் தூங்க வேண்டாம் என்றா சொல்லும்?

"செல்லும். அம்மன் சாட்சியா செல்லும், படு" என்றேன்.

அந்த அம்மா காலை நீட்டிப் போட்டது. அவர் அந்த மடியில் தலையை வைத்தார். வைத்ததுதான் தெரியும். அடுத்த மூச்சே குறட்டை. மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஏதோ மிஷின் போட்டிருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஆனது. மைதானம் காலியானது. எங்கள் வேன் வந்து நின்றது. எழுப்பலாம் என்று மேனேஜர் சார் குனிந்தார்.

"கைய வெச்சீங்க, அவ்ளோதான்" என்றது அந்த அம்மா, வாய்க்குள்ளேயே.

கேட்டைப் பூட்ட வந்த காவல்கார வயசாளி பார்த்தார். தூறல் போட ஆரம்பித்தது. ஒன்றும் கேட்காமல் போய் ஒரு குடையைக் கொண்டுவந்து, ரெண்டு பேர் தலைக்கு மேலும் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த ஊரில் இருந்து வந்தவர்கள், என்ன நேர்த்தி, அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரிதான் நின்றார்.

மறுநாள் போட்டியில் டவுன்பஸ் மெடல் ஒன்றும் வாங்கவில்லை. முன்னால் போன ஜப்பான்காரர்களும் ஐரோப்பாக்காரர்களும் போய்க்கொண்டே இருந்தார்கள். ஆனால் நடுவில் நின்று முட்டியையே பார்த்துக்கொண்டிருந்த அத்தனை நடுவர்களில் ஒருத்தர்கூட அவரைப் பார்த்து எச்சரிக்கை அட்டையைத் தூக்கவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று மேனேஜர் சார் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். கோட்டைத் தாண்டினவர் நேராகச் சம்சாரம் உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான் வந்தார்.

"உனுக்கு ஒண்ணும் இல்லியே?"

"இடுப்புதான் புட்டுக்கினு போவுது. நீ மொதல்ல தண்ணி குடி."

தேருக்கு முன்னால் ஊருக்கு வந்துவிட்டோம். எல்லாரோடும் சேர்ந்து அவரும் காப்பை அவிழ்த்தார். கண்டக்டரம்மா கல்லுக்குண்டு மாதிரி இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது.

ஜப்பானில் என்ன பார்த்தாய் என்று இப்போதும் என்னைக் கேட்பார்கள். ரயில், கட்டடம், பூ என்று கேட்கிறவர்களுக்குத் தகுந்த மாதிரி எதையாவது சொல்லி வைப்பேன். நிஜத்தில் கண்ணில் நின்றது ஒன்றுதான். சில நாள் கோயிலில் சூடம் காட்டும்போது கண்ணை மூடினால், அம்மன் முகம் வருகிற இடத்தில், கால் மரத்துப்போயும் அசையாமல் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவும், மடியில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற அந்த மனுஷனும் வந்துவிடுகிறார்கள். நான் கண்ணைத் திறப்பதில்லை. அப்படியே கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறேன்.